நாலு விரற்கடை

"ஆறு அங்குலம்தான் மார்லிஸ்,
ஆறு அங்குலத்துக்கா மூன்று நாள் யோசிப்பாய்?"
என்கிறார் டெல்பர்ட்.
நெப்ராஸ்காவின் மார்ச் காற்று
அவர் தொப்பியைப் பிடுங்கப் பார்க்கிறது.
அவருடைய யார்டில் இரண்டு டிரெய்லர்கள்.
இரண்டும் நாற்பத்தெட்டு அடி நீளம்,
இரண்டிலும் பலகைத் தளம், ஓரமெல்லாம் துரு.
ஒன்று தொண்ணூற்றாறு அங்குல அகலம்.
மற்றது நூற்றிரண்டு.

ஆறு என்றால் இந்தப் பக்கம் மூன்று,
அந்தப் பக்கம் மூன்று.
மூன்று என்றால் நாலு விரற்கடை.
விரலை மடக்கிக்கொண்டால் ஒன்றுமே இல்லை.
இடம் தெரிந்து இடித்தால்
ஒரு கதவு நிலையைப் பெயர்க்கப் போதும்.

என் பழைய வண்டி தொண்ணூற்றாறு.
பதினோரு வருஷம் இழுத்தேன்.
குதிரைமசால் கட்டு ஒன்று நாலடி என்பது
கட்டுகிற இயந்திரத்தின் கணக்கு.
கட்டு மூச்சு விடும். ஈரத்தில் உப்பும்.
ஜோடியாக அடுக்கினால்
விளிம்பு தாண்டித் தொங்கும் வயிறு,
பெல்ட்டை இறுக்க இறுக்கப் பிதுங்கும்.
ஒருமுறை கியர்னி தாண்டி
போலீஸ்காரர் ஒருவர் டேப்பை நீட்டி அளந்தார்.
என் இடுப்பையே அளப்பது போல இருந்தது.

பிறகென்ன, அகலமானதை வாங்க வேண்டியதுதானே?
வேண்டியதுதான்.
அகன்ற அச்சு பக்கக்காற்றுக்கு அவ்வளவு ஆடாது என்பதும்
எனக்குத் தெரியும்.
ஆனால் ஸ்டோல்ட்ஸ் பண்ணைக்குப் போக
ஓடைமேல் ஒரு இரும்புப் பாலம் இருக்கிறது,
இரண்டு பக்கமும் மார்பளவு கிராதி.
வாரம் ஒரு லோடு அங்கே.
பணம் தாமதமாக வரும். வராமல் போனதில்லை.

சாயங்காலம் டேப்போடு போனேன்.
கிராதியில் நீலம், சிவப்பு, பச்சைக் கீறல்கள்
எல்லாம் ஒரே உயரத்தில்,
பல பேர் பல வருஷங்களில் போட்ட
ஒரே கையெழுத்து.
காற்றில் டேப் பாம்பாக நெளிந்தது.
மறுகரையிலிருந்து நடந்து வந்த ஜோலீன் ஸ்டோல்ட்ஸ்
ஒன்றும் கேட்காமல்
அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள்.
நூற்றுப் பதினான்கு.

பழைய அகலமென்றால் பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம்.
புதியதில் அந்தச் சாணிலும் நாலு விரற்கடை போய்விடும்.
போகலாம்.
காப்பி குடித்துவிட்டு, காற்றில்லாத காலையில்
போகலாம்.
பாலத்தில் பனி உறைந்த பிப்ரவரியில்?
அகலக்கால் வைக்காதே என்று
பேங்க் மானேஜரும் சொல்லியிருந்தார்,
வட்டி விகிதத்தின் மொழியில்.

ஜோலீன் முனையை விட்டாள், டேப் சுருண்டு ஓடி வந்தது.
"உனக்கு யாரும் சொல்லலையா?
ஏப்ரலிலிருந்து பத்து டன்னுக்கு மேல் விடமாட்டார்களாம்.
போர்டு நட ஆள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனான்."

பத்து டன்.
காலி வண்டியே அதற்கு மேல்.
மூன்று நாளாக நான் அகலத்தைப் பற்றி
அந்தப் பாலத்தோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.
அது எடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இருவரும் சிரித்தோம்.
பிறகு அவள் நிறுத்திக்கொண்டாள்.
"இக்கரையிலேயே இறக்கிவிட்டுப் போ,
டிராக்டரில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க்கொள்கிறோம்.
வெர்லினுக்கு முதுகு சரியில்லை. அது வேறு விஷயம்."

நூற்றிரண்டை வாங்கினேன்.
டெல்பர்ட் இருநூறு டாலர் குறைத்தார்,
ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

கட்டுகள் இப்போது
வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.
கண்ணாடியில் பார்த்தால்
பின்னால் ஒரு களமே கிளம்பி வருவது போல.

முதல் வாரமே,
பதினோரு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பும்
என் வீட்டு முகப்பில்
தபால்பெட்டி சாய்ந்தது.
இறங்கிப் போய்,
கம்பத்தில் அடிபட்ட இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன்.
பிசகில்லாமல் நாலு விரல்.
வண்டி நூற்றிரண்டு.
நான் இன்னும் தொண்ணூற்றாறு.

நசுங்கிய பெட்டிக்குள்
ஸ்டோல்ட்ஸ் அனுப்பிய செக் இருந்தது,
ஜனவரி மாத லோடுகளுக்கு.