புதினா இல்லாதது

ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது கோப்பை.
சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி,
மூக்கு வழியாக மூச்சு விட்டு,
துப்பு.
பதினெட்டு வருஷம் துப்பியதில்
தவறியது மட்டும்
என் பல்லில் நிற்கிறது.

பல் டாக்டர் ஷஹனாஸ்
நிற அட்டையை என் உதட்டோரம் பிடித்தார்.
பதினாறு பொய்ப்பற்கள்,
வெளுப்பிலிருந்து பழுப்புக்கு வரிசையாக.
நானும் தினம் இப்படித்தான் வைக்கிறேன்
டஸ்ட், ஃபேனிங்ஸ், பி.ஓ.பி. என்று.
"இது வடக்கு ஜன்னலா?" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
நிறம் பார்க்க வடக்கு வெளிச்சம் வேண்டும் டாக்டர்,
மேற்கு வெளிச்சம் பொய் சொல்லும்.
கடைசிக்கு முந்தின பல்லில் விரல் நிறுத்தி
"இதுதான் நீங்க" என்றார்.

மட்டம் என்று சொல்லவில்லை.
ஏலக் குறிப்பில் நானும் எழுதமாட்டேன்;
'சுமார் நிறம், ஆனால் திடம் உண்டு.'

பெட்ஃபோர்டில் பெள்ளி அண்ணன் மருந்துக்கடை.
"கல்யாணமா மேடம்?"
இல்லை.
"ஃபாரினா?"
இல்லை.
கண்ணாடி மேசையில் கடை பரப்பினார்:
ஒட்டும் பட்டை, தடவும் பேனா,
நீல விளக்கு எரியும் ஒரு பெட்டி,
வெளுக்க வைக்கும் கரித்தூள் (கறுப்பாக),
சிரிஞ்சில் அடைத்த ஜெல்
இருபத்திரண்டு சதவீதம், பதினாறு, பத்து.
டிசம்பர் குழாய்த் தண்ணீரில்
சும்மாவே கூசும் ஊர் இது,
பத்து போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
நான் கேட்டது வேறு:
"புதினா இல்லாதது இருக்கா?"
இருபது வருஷக் கடையில்
யாரும் கேட்காத கேள்வி.
ஸ்ட்ராபெரி இருக்கு என்றார்.
ஐயோ, வேண்டாம் அண்ணா.
நாக்கில் தங்கிவிட்டால்
கோத்தகிரிச் சரக்கு முழுக்க எனக்கு
ஸ்ட்ராபெரித் தோட்டம்.
ஏணி போட்டு ஏறி
மேல் தட்டிலிருந்து எடுத்தார்,
தூசி படிந்த அட்டைப்பெட்டி.
சுவை: எதுவுமில்லை.
வாசனை: எதுவுமில்லை.
வாழ்க்கையில் முதல்முறையாக
இந்தக் குறிப்புக்கு நான் முழு விலை கொடுத்தேன்.

வீட்டில் காகிதத்தைப் பிரித்தால்
'தவிர்க்க வேண்டியவை: தேநீர்,'
முதல் வார்த்தையே என் சம்பளம்.
அதற்குப் பிறகுதான் காபி, மஞ்சள், பீட்ரூட்.
இரண்டு வாரம் விடுப்பு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்: பல்.
சீக்கிரம் குணமாகட்டும் என்றார் தேவஸி சார்.

இரண்டாம் நாள் தலைவலி,
நெற்றிப்பொட்டில் ஆணி அடித்தது போல.
துப்பியதாக நினைத்ததெல்லாம்
உள்ளேதான் போயிருக்கிறது.

தயிர்சாதம். இட்லி. தேங்காய்ச் சட்னி, தாளிக்காமல்.
ராத்திரி தட்டச்சில் அரிசி மணி அளவு ஜெல்,
பல்லில் மாட்டிக்கொண்டு
போனில் அக்காவோடு மழலை பேசினேன்.
ஃபிரிட்ஜில் வைக்கவும் என்று போட்டிருந்தது.
இந்த மாதத்தில் குன்னூரே ஃபிரிட்ஜ்,
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
நாலாம் நாள் ஒரு குரங்கு
ஒரு சிரிஞ்சைக் கடித்து எறிந்துவிட்டுப் போயிற்று.
அதன் பல் ஏற்கெனவே வெள்ளை.

ஒன்பதாம் நாள் காலை, மூடுபனி,
பக்கத்து வீட்டில் தேநீர் கொதித்தது.
சுவருக்கு இப்பாலிருந்தே தெரிந்தது:
நம் மலை இலை இல்லை,
அஸ்ஸாம், மூன்று நிமிஷம் கூடுதல்.
கதவைத் தட்டிச் சொல்லப் போய்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

பதினாலாம் நாள் டாக்டரின் அட்டை
எட்டுப் பல் முன்னால் நகர்ந்தது.
ஒன்று மட்டும் வரவில்லை.
மேல் வரிசையில் இடப்பக்கம்,
பதினோரு வருஷத்துக்கு முன் போட்ட கேப்.
அன்றைய என் நிறத்துக்குப் பொருத்திச் செய்தது,
ஜெல்லுக்கு அசையாது.
வெள்ளைச் சட்டைக் கூட்டத்தில்
யூனிஃபார்ம் மறந்து வந்தவள் போல நின்றது.

"மாத்திடலாம். எட்டாயிரம் ஆகும்."

வேண்டாம் டாக்டர்.
இரண்டு வருஷம் பொறுங்கள்,
மற்றதெல்லாம் அதனிடம் வந்து சேரும்.

அவர் சிரிக்க நானும் சிரித்தேன்,
வாயைப் பொத்தக் கை எழுந்து
பாதியில் நின்றது.

திங்கட்கிழமை. லாட் எண் ஒன்று.
தாமிர நிறம், விளிம்பில் பொன் வளையம்.
உறிஞ்சினேன்.
நாக்கு இருந்தது, அப்படியே.
வழக்கத்தைவிடக் கொஞ்சம்
தாமதமாகத் துப்பினேன்.