நான்காவது வரி

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிக்கு எதிரே
பஞ்சர் கடை மாடியில் என் அறை.
கீழே காற்றடிக்கும் மெஷின் நின்றால்
பாலக்காட்டு பஸ்ஸின் ஹாரன்,
அது ஓய்ந்தால் பொள்ளாச்சி பஸ்.
இடையில் கிடைக்கிற கொஞ்சம் மௌனத்தில்
ஒரு கட்டளைக்குக் கையேடு எழுதுகிறேன்.

கட்டளையின் பெயர் ‘துடை’.
பால் சங்கத்துக் கணக்கில்
இரண்டு முறை ஏறிவிட்ட பெயர்களில் ஒன்றை
வேரோடு எடுத்துவிடும்.
குப்பைத்தொட்டி கிடையாது, மீட்பு கிடையாது.
எடுத்தது எடுத்ததுதான்,
ரோட்டில் கவிழ்ந்த கேன் மாதிரி.

முன்பெல்லாம் மனிதர்களுக்கு எழுதினேன்.
மனிதர்கள் கையேட்டைப் படிப்பதில்லை;
பல சமயம் அதுதான் காப்பாற்றியது.
பாதியில் டீ குடிக்கப் போவார்கள்.
சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டே
‘சபீனா, ஒரு நிமிஷம் இங்க வா’ என்பார்கள்.
போன வருஷ ஆடிட்டரை நினைத்துக்கொள்வார்கள்.
அழிப்பதற்கு முன் அடிவயிற்றில் ஒன்று பிசையுமே,
அதை நான் எழுத வேண்டியிருக்கவில்லை.
அவர்களே கொண்டுவந்தார்கள்.

இப்போது படிப்பது ஒரு முகவர்.
ஷிஃப்ட் இல்லை, மாமனார் இல்லை, வயிறில்லை.
எழுத்தெண்ணிப் படிக்கும்.
பதினோரு வருஷத்தில் எனக்கு வாய்த்த
முதல் உண்மையான வாசகர்.
அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஐப்பசியில் நடந்தது.
நான்காவது வரியில் எழுதியிருந்தேன்:
‘பெயர், ஊர், மாடுகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால்
பொதுவாக ஒன்றை நீக்கலாம்.’

சாவடிக்குக் கிழக்கே வேலாயுதம்.
மேற்கே வேலாயுதன்.
ஒருவர் ரேஷன் கார்டு தமிழில், மற்றவருடையது மலையாளத்தில்.
ஆளுக்கு மூன்று மாடு.
ஒரே ஜன்னலில் பால் ஊற்றிவிட்டு
‘பேர்க்காரரே’ என்று கூப்பிட்டுக்கொண்டு
ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைப்பவர்கள்.

இரவு இரண்டு பத்துக்கு
‘ம்’ எழுத்துப்பிழை என்று முடிவாயிற்று.
பதினாறு நாள் பால், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு லிட்டர்,
பிண்ணாக்குக் கடன்,
செத்த கன்றுக்கு வரவேண்டிய இன்சூரன்ஸ்,
அந்தக் கன்று.

பதிவேட்டில் இருந்தது இவ்வளவுதான்:
‘கையேட்டின் நான்காவது வரிப்படி முடிக்கப்பட்டது.
வேறு ஏதேனும் உதவி தேவையா?’

விடிகாலை ஜன்னலில் கேனோடு நின்றார் வேலாயுதம்.
திரைக்கு அவரைத் தெரியவில்லை.
வரிசையில் பின்னால் நின்ற வேலாயுதன்தான் சத்தம் போட்டார்:
‘ஆளு இங்கெ நிக்குதில்லியா,
பின்னெ எப்பிடி இல்லாம போவும்?’

ஆபீசில் எல்லோரும் முகவரைத் திட்டினார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
‘பொதுவாக.’
என்ன சொல் அது.
என் தயக்கம் அத்தனையையும் அதற்குள் மடித்து வைத்திருந்தேன்.
மனிதர் படித்தால் அந்த இடத்தில் ஒரு புருவம் உயரும்.
இது அதைத் தாண்டி நேராக ‘நீக்கலாம்’ என்ற இடத்துக்குப் போயிற்று.
‘லாம்’ என்பதை அனுமதி என்று எடுத்துக்கொண்டது.
அனுமதிதானே அது.

மூன்று நாளாகத் திருத்துகிறேன்.
நீக்காதே என்று தொடங்குகிறது இப்போது.
ஓர் எழுத்து வேறென்றால் ஆளே வேறென்று கொள்.
எத்தனை பேர், யார் யார், வாய்விட்டுச் சொல்.
ஒரு மனிதர் பெயர் போட்டு ‘சரி’ சொல்லும்வரை நில்.
இரவில் செய்யாதே.

‘அதுக்குத்தான் தூக்கம் கிடையாதே,
ராத்திரி செஞ்சா என்ன?’ என்றாள் சபீனா.
வேலாயுதத்துக்கு உண்டு என்றேன்.

இன்னும் நான்காவது வரி நிற்கவில்லை.
கை நடுங்குவதற்கு
என்ன வினைச்சொல் போடுவது?
எழுதி எழுதி அழிக்கிறேன்,
ஒவ்வொரு முறையும் அழித்ததை மீட்டுக்கொண்டு.

வேலாயுதத்தின் பணம் வந்துவிட்டது,
பாஸ்புக்கைப் பார்த்துக் கையால் கூட்டி.
அவர் இப்போது கேனின் வயிற்றில்
பச்சைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்
‘ம்’ மட்டும்,
புள்ளியை நன்றாகப் பெரிதாக.