கிலோவுக்கு இவ்வளவு

முதல் நாள் என் கையில் கொடுத்தது
தராசு துடைக்கும் துணி.
"இங்கே எல்லாமே கிலோவுக்கு இவ்வளவுதான்" என்றாள்
இரண்டாம் வருடம் ஷமீமா,
"மருந்து, குளுக்கோஸ், ரத்தம்.
நம்ம பயம் மட்டும் தலைகீழ்.
எடை குறையக் குறைய ஏறும்."

செவ்வாய்ப்பேட்டைக் குழந்தை. ஏழு நானூறு என்று எழுதினேன்.
போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாள்:
"வெள்ளிக்கு யாரு டோஸ் போடறது?"
கொலுசைக் கழற்றினோம். அரைஞாணைக் கழற்றினோம்.
ஏழு இருநூற்று முப்பது.
அதை முந்தானையில் முடிந்த அம்மா
வீட்டுக்குப் போகும் நாள்வரை
அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்று வருடம் என்பது தாளில்.
முதல் வருடம் ஊசி குத்தும், லேப்புக்கு ஓடும்,
மருந்து அட்டைப்பெட்டியைக் கத்தரித்து
பிஞ்சு மணிக்கட்டுக்கு மட்டை கட்டும்.
இரண்டாம் வருடம் முடிவெடுக்கும்,
எடுத்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் போன் செய்யும்.
மூன்றாம் வருடம் தூக்கத்திலிருந்தே கேட்கும்,
சோடியம் எவ்வளவு?
எல்லோருக்கும் மேலே
காலை எட்டு மணிக்குச் செருப்புச் சத்தமாக வருவார்
எமரென்சியா மேடம்.
எங்கள் அட்மிஷன் நாள் திங்கள்.
அது செவ்வாய் சாயங்காலம்தான் முடியும்.

கேட்டுக்கு வெளியே தட்டுவடை செட்டு.
பீட்ரூட் துருவல் வாயில் இருக்கும்போதே
கண் எண்ணிக்கொண்டிருக்கும்
கரண்டியிலிருந்து சட்னி
நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று.

பிறந்தவர்களுக்கு இங்கே பெயர் கிடையாது.
பேபி ஆஃப் குப்பாயி, ஒன்று.
பேபி ஆஃப் குப்பாயி, இரண்டு.
கண்ணைக் கட்டிக்கொண்டு
நீல வெளிச்சத்தில் கிடப்பார்கள்.
பேபி ஆஃப் இராசாத்தி எழுநூற்று எண்பது கிராம்.
நான்கு நாளும் நான்தான் எடை பார்த்தேன்.
எழுநூற்று ஐம்பது.
எழுநூற்று முப்பது.
கடைசிப் படிவத்திலும் இருந்தது
எடை என்று ஒரு கட்டம்.
எதை எழுதுவது என்று கேட்டேன்.
ஷமீமா தன் பேனாவால் எழுதிவிட்டு
டீ குடிக்க அனுப்பினாள்.
நான் போகவில்லை.
குப்பாயி இரண்டின் பிலிருபின் வந்திருந்தது.

தீசிஸ், ரத்தசோகை.
நூற்றைம்பது குழந்தைகள் வேண்டும், தொண்ணூற்றிரண்டு தேறியது.
லாக் புக்கில் கையெழுத்துக் கட்டங்கள் வெறுமையாக.
இதற்குள் இரண்டாம் வருடம் ஆகிவிட்டேன்.
மாவட்டப் பணி மூன்று மாதம் என்று
ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள்.

மழை, மின்சாரம் இல்லை,
பேட்டரி தீர்ந்த தராசு
ஒரு சுழியைக்கூடக் காட்டவில்லை.
காப்பித் தோட்டத்துக்கு அப்பாலிருந்து
நடந்தே வந்திருந்தான் பொன்னன்.
மடியில் இரண்டு மாதக் குழந்தை,
விலா குழிந்து குழிந்து மூச்சு, நிமிடத்துக்கு எழுபத்தாறு.
ஊசிக்கு எடை வேண்டும்.
இரண்டு உள்ளங்கையிலும் ஒருமுறை ஏந்திச் சொன்னான்:
"மூணே முக்கால்."
எப்படி என்றேன்.
"மிளகு பிடிக்கிற கைங்க."
மூணே முக்காலுக்குப் போட்டேன்.

ஆம்புலன்ஸில் இறங்கினோம்.
வளைவுப் பலகைகளின் எண்
இருபதிலிருந்து குறைந்துகொண்டே வந்தது,
மூச்சின் எண் குறையவில்லை.
ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்சிஜன் உருளை
என் முழங்காலில் வந்து சாய்ந்தது.
ஐந்தாம் வளைவில் எழுபது.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
யாரும் பேசவில்லை.

வார்டில் புதிய முதல் வருடம்,
பெயர் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை,
கையில் அந்தத் துணி.
"எடை எவ்ளோக்கா?"
மூணே முக்கால் என்றேன்.
அவள் நம்பவில்லை.
தாயத்தை அவிழ்த்தாள், கறுப்புக் கயிற்றை,
நனைந்த துணியை.
மூன்று அறுநூற்று எண்பது.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த பொன்னன்
"கயிறு, தாயத்து, ஈரத்துணி
எழுபது கிராம் வருமுங்க" என்றான்,
யாரையும் பார்க்காமல்.
அவள் டோஸை அடித்துத் திருத்தி எழுதினாள்.

மணி நாலு நாற்பது.
திங்கள்.