கண்ட்ரோல்

லிட்டருக்கு இரண்டு புள்ளி மூன்று நான்கு கிராம் உப்பு.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்,
கடைசி இலக்கம் ஒரு தும்மலுக்கும் ஆடும்.
இது இரண்டாம் வரிசைக்கு.
மூன்றாவதுக்கு இரு மடங்கு, நான்காவதுக்கு மும்மடங்கு,
ஐந்தாவதுக்குக் கை நிறைய.
முதல் வரிசைக்கு ஒன்றுமில்லை.
காய்ச்சி வடித்த தண்ணீர்.
அதன் பெயர் கண்ட்ரோல்.

கரண்ட் போன மதியங்களில்
கன்னியப்பன் அண்ணன் கேஸ் அடுப்பில் குக்கரை ஏற்றி
விசில் எண்ணுகிறார்.
"கறி வேவற நேரந்தாம்மா இதுக்கும்."
உள்ளே அகரும் சர்க்கரையும் உப்பும்
கிருமியில்லாமல் வெந்துகொண்டிருக்கும்.

நிலவேம்பு.
ஒரு கணு, இரண்டு காம்பு, சுடரில் காட்டிய கத்தி.
அறுபது பாட்டில்களில் நட்டு வாய் கட்டி
குளிரூட்டிய அறையில் பதினாறு மணி நேரப் பகல் தருகிறேன்.
வெளியே வேலூரில்
இருக்கிற பகலே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

முப்பதாம் நாள், கிராஃப் தாளில் படுக்கவைத்து அளந்தேன்.
கண்ட்ரோல் ஏழு சென்டிமீட்டர், அசட்டுப் பச்சை.
இரண்டாவது ஐந்தரை.
மூன்றாவது மூன்று, இலை விளிம்பில்
பீடி பிடித்த விரலின் பழுப்பு.
நான்காவது, கடன்காரன் வந்த வீடு மாதிரி
கதவைத் திறக்கவேயில்லை.
ஐந்தாவதைக் கேட்காதீர்கள்.

ஆனால் அரைத்து, நின்ஹைட்ரின் விட்டுக் கொதிக்கவைத்து,
டொலுவீன் ஊற்றிக் குலுக்கினால்
மேலடுக்கில் சிவப்பு ஏறி நிற்கும்.
புரோலின். தண்ணீர் கிடைக்காத செடி
தனக்குள் கட்டிவைக்கும் சிறுவாடு.
கசப்பும் அப்படித்தான்:
மூன்று சென்டிமீட்டர் செடிக்குக் கருவி வரைந்த முகடு
ஏழு சென்டிமீட்டர் செடியினுடையதைவிட உயரம்.
ஹெப்சிபா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் சந்தோஷப்படுவது அவ்வளவுதான்.

நடுவில் ஒரு காரியம் செய்தேன்.
ராணிப்பேட்டையில் எங்கள் தெருப் போர்த் தண்ணீரை
சோடா பாட்டிலில் பிடித்து,
மணல் மட்டும் படுத்திருக்கும் பாலாற்றைத் தாண்டி,
சத்துவாச்சாரி வரை மடியிலேயே வைத்திருந்து
கடத்துத்திறன் மானியை முக்கினேன்.
எண் ஏறியது.
இரண்டாம் வரிசையைக் கடந்தது.
மூன்றாவதைத் தொடப்போய் நின்றது.
மானியைக் கழுவி மறுபடி முக்கினேன்.
மறுபடியும்.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி
தோல் ஷெட்டில் உப்பு உதறுபவள்.
ரேஷன் கடை மெஷின் அவள் கட்டைவிரலை
மூன்று தரம் மறுத்தது,
ரேகை தேய்ந்திருக்கிறதாம்.
அவள் எந்த வரிசை?
எங்கள் தெருவுக்குக் கண்ட்ரோல் யார்?

ஆறாவதாக ஒரு வரிசை போட்டேன், அந்தத் தண்ணீரில்.
பன்னிரண்டு பாட்டில். மூடியில் பேனாவால் 'அ'.
"இதில் என்னென்ன இருக்கு, தெரியுமா?" என்றார் மேடம்.
தெரியாது.
"தெரியாததை அட்டவணையில் எப்படிப் போடுவே?"
கோபமில்லை. கேள்வியும் சரி.
சிவப்பு மையில் ஒரு கோடு, அதுவும் நேராக.

கழுவப் போட்ட கூடையிலிருந்து
உயிரோடிருந்த நாலை எடுத்துத்
தேங்காய்நார்த் தூளில் நட்டுக்
காகிதக் கப்போடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
இரண்டு செத்தது. ஒன்றை ஆடு மேய்ந்தது.
மிச்சம் ஒன்று குழாயடியில் குட்டையாக நிற்கிறது.

ஐப்பசிக் காய்ச்சலில் தெருவே படுத்திருந்தபோது
அஞ்சலாட்சி குனிந்து ஓரிலை கிள்ளினாள்.
"வேணாங்க்கா, அதுல என்னென்ன இருக்கோ."
"என் ஒடம்புல இல்லாததா?"
மென்றாள். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.
துப்பவில்லை.
அடுத்த இலைக்குக் கை நீட்டினாள்.

நாளைக்குக் கண்ட்ரோலுக்குத் தண்ணீர் வடிக்க வேண்டும்.
ஆறு நாற்பது வண்டி.