இரண்டு அங்குலம்

பலமாடிக் கார் நிறுத்தத்தின் உச்சியில்
412க்கும் 417க்கும் நடுவே
இரண்டு அங்குலத் தண்ணீர்.
வடிகால் வாயில் தூங்குமூஞ்சி இலைகள்.
அள்ளிப் போடவேண்டியவள் நான்தான்,
நகர மன்றச் சட்டையில்
என் பெயர் தைத்திருக்கிறது: மங்களேஸ்வரி.
நேற்றே பார்த்துவிட்டேன்.
'நாளை' என்று குறித்துக்கொண்டேன்.

தேங்கிய நீரில் கொசு வளர ஒரு வாரம்.
எனக்கு ஒரு நாள் போதும்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் படகு.
ஈரச்சந்தையில் ஆ ஹுவாட் வீசி எறிந்த
மீன் நுரைப்பெட்டியைச்
சுடுகம்பியால் அறுத்தேன்,
மூக்கைக் கொஞ்சம் தூக்கி
வயிற்றைத் தட்டையாக்கி.
மூன்று தரம் கழுவி, எலுமிச்சை தேய்த்து,
பளிச்சென்று ஆரஞ்சுச் சாயம் அடித்தும்
வஞ்சிரம் வெளியேறவில்லை.

நீருக்கடியில் சுழலும் விசிறி வேண்டாம் என்று முடிவு.
பாசியையும் தூண்டில் நரம்பையும் சுற்றிக்கொண்டு
மூச்சு முட்டிப் போனது என் முதல் படகு.
இது முதுகில் விசிறி சுமப்பது.
தண்ணீரைத் தொந்தரவு செய்யாது,
காற்றைப் பின்னால் எறிந்துவிட்டு
முன்னால் நழுவும்.
விசிறிக்குப் பின்னே இரண்டு சுக்கான்கள்,
ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டியவை.
ஒன்றில் இன்னும் பாதி டுரியான் படம்.

மோட்டாரை சிம் லிம் டவரில் வாங்கினேன்.
"பையனுக்கா?" என்றார் கடைக்காரர்.
"எனக்கு."
ஐந்து வெள்ளி குறைத்தார், ஏனோ.

முதல் சோதனை குளியலறையில், பெரிய பேசினில்.
விசையைத் தள்ளியதும்
காற்று என் முகத்தில் அறைந்தது,
படகு பின்பக்கமாகப் போய்
பேசின் சுவரை முட்டி முட்டி நின்றது.
மூன்று கம்பிகளில்
எந்த இரண்டை மாற்றினாலும் திசை மாறும்.
மாற்றினேன்.
இந்த முறை தூக்கியடித்தது,
ஷாம்பூ பாட்டில் விழுந்தது,
சுண்டுவிரல் நுனியில் ஒரு கோடு.
பழைய மேசை விசிறியின் கூண்டை
அன்றிரவே வெட்டிப் பொருத்தினேன்.

இன்னொரு வியாதியும் இருந்தது.
விசிறி ஒருபக்கம் சுழன்றால்
உடம்பு மறுபக்கம் சாயும்.
இடது ஓரம் மூழ்கும், இடதாகவே வளையும்.
பேட்டரியை நகர்த்திப் பார்த்தேன், போதவில்லை.
வலது ஓரத்தில் ஐம்பது காசு ஒட்டினேன்.
இன்னொன்று.
அப்புறம் ஒரு பத்துக் காசு.
நேராக இருக்க
எனக்கு ஆன செலவு
ஒரு வெள்ளி பத்துக் காசு.

இப்போது மாலை ஆறரை, மழை விட்டிருக்கிறது.
இரண்டு அங்குலத்தில்
எதிர் புளோக்கின் பதினாறு மாடியும் தலைகீழாக.
கொடியில் யாரோ எடுக்க மறந்த
நனைந்த பள்ளிச் சீருடையும்.

விசையை மெல்லத் தள்ளினேன்.
மின்விசிறிக் கடையே ஒன்றாய் இரைந்தது.
மூக்கைத் தூக்கியது,
சீருடையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு
பறந்தது.
இடம் கேட்டேன், கொடுத்தது.
வலம் கேட்டேன், யோசித்துவிட்டுக் கொடுத்தது.
நான் கத்தினேனாம்.
அது எனக்கு நினைவில்லை.

ஆனால் நிறுத்தம் கற்றுக்கொடுக்கவில்லை நான்.
பின்னால் இழுக்க ஒன்றும் இல்லை அதற்கு.
விசையை விட்ட பிறகும்
417இல் தண்ணீர் முடிந்தது,
படகுக்கு அது தெரியவில்லை.
ஈர சிமெண்டில் சரசரவென்று
418, 419, 420,
421இல் நின்ற நீல டாக்சியின் சக்கரத்தில்
டொக்.

இருக்கையைச் சாய்த்து உறங்கியவர்
கதவைத் திறந்து குனிந்து எடுத்தார்.
முகர்ந்தார்.
"மீனா?"
தலையாட்டினேன்.
வயிற்றைத் திருப்பிப் பார்த்தார்,
சிராய்ப்பை விரலால் தடவினார்,
ஓரத்துக் காசுகளை எண்ணிவிட்டு
"மீட்டர் போட்டுத்தான் ஓடுமோ?" என்றார்.
பிறகு, பார்வையை வேறெங்கோ வைத்தபடி,
"மேடம், ஒரு ரவுண்டு?"

ஒரு ரவுண்டு என்றவர் பேட்டரி தீரும்வரை ஓட்டினார்.

விளக்குகள் எரிந்தன.
கையுறை மாட்டி
வடிகால் வாயில் கைவிட்டேன்.
இலை, இலை, ஒரு சிகரெட் பஞ்சு, இலை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
சுழித்து இறங்கியது தண்ணீர்.
எதிர் புளோக் மாடி மாடியாக வற்றியது.
படகு தரைதட்டி
லேசாக வலப்பக்கம் சாய்ந்தது,
காசு இருக்கும் பக்கம்.

படிவத்தில் எழுதினேன்:
அடைப்பு நீக்கப்பட்டது, 7.10.
தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தை
காலியாக விட்டேன்.