சாவடியில் நிற்கும் வண்டி

ஊத்துக்கோட்டைக்கும் சுருட்டப்பள்ளிக்கும் நடுவே
நாளுக்குப் பதினாறு நடை ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தேசப்பன்
இரவு எட்டரைக்கு, ஷட்டரை நான் பாதி இறக்கியபின்
குனிந்து உள்ளே வந்தார்.
"மேடம், எனக்கு லேப்டாப் விழுந்திருக்கு."

விழுந்து உடைந்ததோ என்று
ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.
பரிசு விழுந்திருக்கிறதாம்.

போனை நீட்டினார்.
திரையின் மூலையில் பழைய விரிசல்.
அதற்கு மேலே வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப்
மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.
வாழ்த்து தெலுங்கில், நிபந்தனை தமிழில்,
பணம் கட்டும் இடம் மட்டும் இங்கிலீஷில்.

பத்து நிமிடத்துக்குள் என்று மிரட்டிய கடிகாரம்
இரண்டுக்கு இறங்கியிருந்தது.
பக்கத்தை மூடித் திறந்து காட்டினேன்.
மறுபடி பத்து.
"பாத்தீங்களா, இன்னும் டைம் குடுத்திருக்காங்க."

கம்பெனி பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.
பரிசோடு சிரிக்கும் பொள்ளாச்சி மாணிக்கவேலுக்கும்
நெல்லூர் பெஞ்சலய்யாவுக்கும் ஒரே முகம், ஒரே மீசை.
சொன்னேன். தலையாட்டினார்,
சில்லறை இல்லை என்கிற பயணிக்கு ஆட்டுவதுபோல.

டெலிவரிக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது
முந்தாநாளே போய்விட்டது.
இன்ஷூரன்சுக்கு ஆயிரத்து நூற்றெண்பது, நேற்று.
இன்று
செக்போஸ்ட் வரி, மூவாயிரம்.

அங்கேதான் சிக்கிக்கொண்டார்.
இருபது வருடமாகச் செக்போஸ்ட்டைத் தாண்டித் தாண்டிச்
சோறு தின்கிறவர்.
விடிய விடிய லாரிகள் நின்றதை,
தாளைச் சுருட்டி நீட்டிய கைகளைக் கண்டவர்.
லேப்டாப்பைச் சந்தேகித்தாலும் சந்தேகிப்பார்,
எல்லையில் ஒருவன் காசு கேட்பதை
எப்படிச் சந்தேகிப்பார்?

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.
பெண் குரல், சளி பிடித்திருந்தது.
பின்னால் மின்விசிறி, அதற்கும் பின்னால்
வேறு வேறு குரல்கள், சார் சார் என்று.
"சார், வண்டி உங்க ஊர் செக்போஸ்ட்லயே நிக்குது.
பணம் போட்டீங்கன்னா அஞ்சே நிமிஷம்."

ஷட்டரைத் தூக்கினேன்.
என் கடை வாசலில் நின்றால் சாவடி தெரியும்.
வரி வாங்கிய கூண்டைப் பூட்டி வருடங்களாயிற்று.
அதன் சன்னல் கம்பியில்
தர்ப்பூசணிக்கார சலபதி தார்ப்பாய் கட்டியிருக்கிறார்.
ஒரு மஞ்சள் பல்பு, தோல் குவியல், ஒரு நாய்.

"நானும் அங்கதான் பாத்துக்கிட்டிருக்கேன்.
வண்டி என்ன கலர்மா?"

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு ஒரு தும்மல்.
பிறகு அதுவும் இல்லை.

தேசப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீங்க கேட்ட கேள்வியில
கிளம்பிப் போயிருக்குமோ?"

1930க்கு அடித்துக் கொடுத்தேன்.
காத்திருக்கச் சொல்லி ஏதோ இசை ஓடியது.
போனதில் பாதியாவது வருமா என்றார்.
தெரியாது என்றேன், உண்மையில் தெரியாது.
அவர் கண் மேசையில் மேய்ந்தது:
பேட்டரிகள், உருகிய ஈயம்,
பில்கட்டின்மேல் ஒரு சிவப்பு டைல்ஸ்.
"செல்போன் கடையில இது எதுக்கு மேடம்?"

மூன்று வருடம் முன்பு
என் மகள் பிளஸ் ஒன் சேர்ந்த மாதம்
இலவச டேப்லெட் என்று வந்த பெட்டிக்குள் இருந்தது அது,
தெலுங்குச் செய்தித்தாளில் சுற்றி.
கையில் வாங்கியபோது சரியான கனம்.
கனத்தைக்கூட யோசித்திருந்தார்கள்.
மகள் ரிப்பனைப் பத்திரமாக அவிழ்த்தாள்.

"பில்லு பறக்காம இருக்க" என்றேன்.

ஷட்டரைப் பூட்டித் திரும்பும்போது
அவர் ஆட்டோ சாவடியருகே நின்றது,
இன்ஜினை அணைக்காமல்.
இறங்கிப் போய்
தார்ப்பாய்க்குப் பின்னால்
ஒருமுறை எட்டிப் பார்த்தார்.