உள்வாடகை

வார்தோவில் மதியம் இரண்டு மணி.
வெளியே ராத்திரி.
சூல்ஃப்ரிட் எஃப்-டூவை விடாமல் தட்டுகிறாள்;
இரண்டு தடவை தவறிவிட்டது.
மூன்றாவதில் பயோஸின் நீலப் பட்டியல்.

கூட்டை முறித்துக்கொண்டு போன ஓட்வார்
படகை விட்டுப்போனான், கடனில் பாதியை,
தன் பழைய கணினியின் வட்டு ஒன்றையும்.
வலை கிழிக்கும் பாறைகள் எல்லாம்
அதற்குள்தான் இருக்கின்றன.
அந்த மென்பொருளோ
இந்த மடிக்கணினியில் காலெடுத்து வைக்காது.
அவன் கணினியையே இதற்குள்
முழுசாகக் குடிவைத்தால் உண்டு.

மெய்நிகராக்கம்: முடக்கம்.
ஒரு அழுத்து. இயக்கம்.
இன்னொரு அழுத்து. முடக்கம்.

இருப்பதே நாலு ஜிபி.
இரண்டை அவனுக்குக் கொடுத்தால்
விசிறி கத்தும்,
பேட்டரி படகுத்துறை தாண்டாது.
"ஆபத்து ஒன்றுமில்லை" என்றான் கடைப் பையன்,
"உள்ளே இருப்பவனுக்கு
உள்ளே இருப்பதே தெரியாது."
அதுதான் உறுத்துகிறது.
அங்கே எல்லாக் கோப்பிலும் தேதி 2009;
அந்த வருஷம் இருவரும்
பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாளை வடகிழக்குக் காற்று.
வலை புதுசு, இன்னும் தவணை கட்டவில்லை.

சேமிக்கவா? ஆம் / இல்லை.
ஆறிய காபியை முழுக்கக் குடிக்கிறாள்.
ஆம்.

திரை கறுத்து
ஒரு கணம் எதுவுமே இல்லை.
பிறகு விசிறி.